மலைக்குப் போன தண்ணீர்

1

நான் இருக்கும் ஏரிக்கரை நகரத்தில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்க நினைத்தபோது தூறும், நினைத்தபோது நிற்கும். ஆனாலும் ஐப்பசி கடந்து கார்த்திகை பிறந்தால் எனக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுக்க மூட்டம் கவிந்து கிடக்கும், எதிர்க்கரை தெரியாது. எதிர்க்கரை தெரியாத தண்ணீர் எதுவானாலும் எனக்கு அது கடல்தான். தேநீர் ஆறும் வரைக்கும் நான் என் ஊர் பெரியபட்டினத்தில் இருப்பேன். கரையேற்றிக் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், ஈரப் பனையோலை, உம்மா யாரையோ கூப்பிடும் குரல் எல்லாம் வரும். பிறகு கீழே டிராம் மணி அடிக்கும். உம்மா போய்விடுவார், நான் மட்டும் கோப்பையோடு நிற்பேன்.

இந்த வாரம் அப்படி ஒரு காலையில் என் மகன் ரயான் பெரிய பை ஒன்றோடு வாசலில் நின்றான். அவனுக்குப் பதின்மூன்று வயது. பைக்குள் அவனுக்குச் சின்னதாகிப்போன கம்பளிச் சட்டைகள், என் வீட்டுக்காரரின் பழைய கோட்டு, பனியில் விளையாடப் போடும் கையுறை ஒரு ஜோடி. ஏதோ ஒரு நாட்டில் வெள்ளமாம், பள்ளிக்கூடத்தில் துணி சேர்க்கிறார்களாம். எந்த நாடு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெயில் அடிக்கிற நாடு என்றான்.

வெயில் நாட்டுக்குக் கையுறை எதற்கடா என்று சிரித்தபடி கேட்டிருக்கலாம். எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, இதைக் கொண்டுபோகக் கூடாது என்றேன். உதவி செய்வதுதானே உன் வேலை, நீயே வேண்டாம் என்கிறாயே என்று அவன் பிரெஞ்சில் கத்தினான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் போய்விடும். எனக்குக் கோபம் வந்தால் தமிழைத் தவிர மற்றதெல்லாம் போய்விடும். அதனால் எங்கள் வீட்டுச் சண்டைகள் இரண்டு மொழியில் நடந்து, முடிவில்லாமல் நின்றுபோகும்.

ஆத்திரம் தணிந்தபிறகு அவனை உட்கார வைத்துச் சொன்னேன். ஆழிப்பேரலை வந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இலங்கை குறுக்கே மறைத்துக்கொண்டதால் எங்கள் கரை பெரும்பாலும் தப்பியது. சில வாரம் கழித்து வாப்பாவோடு நாகூருக்குப் பேருந்தில் போனேன். வழி நெடுகிலும் சாலையோரத்தில் துணிக் குவியல்கள் கிடந்தன. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஆடுகள் ஏறி நின்றன. அத்தனையும் எங்கெங்கோ இருந்து நல்ல மனதோடு வந்த துணிகள். ஒரு பெண் அதில் ஒரு சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள். ஆகாது என்று தெரிந்ததும் அதை நன்றாக மடித்து, குவியலிலேயே வைத்துவிட்டுப் போனாள். வீட்டையே கடல் கொண்டுபோன ஒருத்தி குப்பையில் கிடந்த சட்டையை மடித்து வைத்தது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

ரயான் பாதி கேட்டான், பாதி கேட்கவில்லை. பிறகு, "போன வருஷம் உன் ராத்தா ஊர்ல வெள்ளம் வந்துச்சே, அப்பவும் நீ வேணாம்னுதான் சொன்னியா?" என்று கேட்டான். ராத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. கோடையில் ஒரு கல்யாணத்தில் நேரில் பார்த்தும் அவனுக்கு அவள் கைபேசித் திரையில் வந்து போகும் ஒரு முகம்தான், பெயர்கூடச் சட்டென்று வராது. விளையாட்டாகத்தான் கேட்டான். நேரமாகிவிட்டது என்று சொல்லி வேலைக்குக் கிளம்பிவிட்டேன். டிராமில் அவனுக்குச் சொல்லாத பதில் முழுதும் கூடவே வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

என் வேலை என்னவென்று ஊரில் விளங்க வைப்பது கஷ்டம். உம்மா அக்கம்பக்கத்தில் சொல்வது, "எம்மக மீட்டிங்கு போடுற வேலையில இருக்கா." அதில் பொய் ஒன்றும் இல்லை. உலகத்தில் எங்காவது புயலோ நிலநடுக்கமோ வந்தால் உதவ ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர். நாட்டு அரசுகள், பெரிய நிறுவனங்கள், சின்ன நிறுவனங்கள், கோயில் குளம் சர்ச்சு மசூதி என்று எல்லாரும் வருவார்கள். அவர்களையெல்லாம் ஒரே அழைப்பில் உட்கார வைத்து, யார், எதை, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டு, ஒரே இடத்தில் எல்லாரும் போய் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. நாங்கள் அரிசி மூட்டை தூக்குவதில்லை. தூக்குகிறவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கென்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பெரிய பெரிய வார்த்தைகள், அம்புக்குறிகள், வட்டங்கள். எனக்குத் தூக்கமாக வந்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், அட, இது மவுத்து வீட்டுச் சோறல்லவா என்று தோன்றியது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் மவுத்து, அதாவது சாவு, விழுந்தால் மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். சொந்தமும் தெருவும் சோறு கொண்டுவரும். வாப்பா இறந்தபோது எதிர்வீட்டுக் கதீஜா மாமி தெருவில் ஒரு நடை நடந்து வந்தார். காலைக்கு இடியாப்பம் இந்த வீடு, பகலுக்குச் சோறும் ஆணமும் அந்த வீடு, ராத்திரிக்குக் கஞ்சி மூன்றாவது வீடு என்று சொல்லி வைத்தார். யார் வீட்டில் எவ்வளவு ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இல்லாத வீட்டுக்கு அதற்குத் தகுந்தாற்போல ஒரு நேரம் கொடுப்பார். கொடுக்காமல் விடமாட்டார், விட்டால் அவர்கள் மனம் சங்கடப்படும்.

இரண்டாம் நாள் பகலுக்கு மூலை வீட்டு ஜெய்னம்பு முறை. அவள் வலை பின்னிப் பிழைக்கிறவள். அவள் சோறும் மீன் ஆணமும் கொண்டு வருகிற நேரத்தில், துபாயிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் யாரையும் கேட்காமல் ஒரு தேக்சா பிரியாணியை இறக்கிவிட்டது. வந்த ஜனம் பிரியாணிப் பக்கம் போனது. ஜெய்னம்பு தன் சட்டியைத் திறக்காமலேயே திருப்பி எடுத்துப் போனாள். அன்று ராத்திரிக்கு ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை, எல்லாருக்கும் அந்தப் பிரியாணியே போதும் என்று நினைப்பு. உம்மா பட்டினியாகப் படுத்தார். பிரியாணி கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் மேல் பாசத்தில்தான் கொண்டு வந்தார்கள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

இந்தக் கதையை அலுவலகத்தில் என் மேலதிகாரி வஞ்சிகுவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் கென்யாவில் ஏதோ ஒரு மலைநாட்டுக்காரி, ஆறடி உயரம், நிதானமாகப் பேசுவார். எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஆனால் எங்களுக்கு ஆட்டுக்கறி என்றார். அதிலிருந்து ஒரே முகாமுக்கு ஏழு பேர் போர்வை அனுப்பினால், பிரியாணி வந்துவிட்டது என்று எங்கள் இருவருக்குள் சொல்லிக்கொள்வோம். மற்றவர்களுக்கு விளங்காது.

3

சபுரா ராத்தா எனக்கு நாலு வயது மூத்தவள். எங்கள் காக்கா, அதாவது அண்ணன், வளைகுடாவில் வேலை பார்த்தபோது ஒரே அறையில் தங்கியிருந்தவர் மன்னார்ப் பக்கத்து ஆள். அங்கே சண்டை ஓய்ந்த மறுவருஷம் அவருக்கே ராத்தாவைக் கட்டிக் கொடுத்தார்கள். கடலுக்கு அந்தாண்டை போனவள் என்று உம்மா அழுதார். எத்தனை தூரம்? தனுஷ்கோடி முனையில் போய் நின்றால் நம் கைபேசியே இலங்கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வரவேற்புச் செய்தி காட்டும். ஆனால் ராத்தா உம்மாவைப் பார்க்க வேண்டுமானால் பேருந்தில் கொழும்பு போய், விமானம் ஏறி மதுரைக்கு வந்து, அங்கிருந்து காரில் ராமநாதபுரம் வர வேண்டும். கைபேசிக்கு இருக்கிற சலுகை மனுஷருக்கு இல்லை.

போன வருஷம் இதே பருவத்தில் புயல் வந்தது. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று காக்கா சொன்னார். எங்கள் கரையில் காற்றும் மழையுமாகக் கடந்துபோனது. அந்தக் கரையை அடித்துப் போட்டுவிட்டது. கடலோரம் வெள்ளத்தில் நின்றது. நடுவில் மலைநாட்டில் சரிவு ஏற்பட்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற பாதைகள் அறுந்துபோயின.

ராத்தா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தாள். கூட மச்சானும் ஏழு வயது இளைய மகள் ஃபர்ஹாவும். இங்கே எனக்கு விடிகிற நேரத்தில் அவள் குரல் வந்தது, நடுநடுவே அறுந்து அறுந்து.

"சோறு சோறுன்னு மூணு லாரி வந்து நிக்கிது நூரு. திங்க ஆளில்ல, ஊசிப்போகுது. குடிக்கத் தண்ணி இல்லடி. கெணறெல்லாம் கக்கூசுத் தண்ணி கலந்துருச்சு. பிள்ளைக்கு நேத்துலருந்து வயித்தால போகுது. நீ அங்கனதானே இருக்க, தண்ணிக்கு ஒரு வழி பண்ணு."

பண்ணுகிறேன் ராத்தா என்றேன். அந்த வார்த்தையை நினைக்காமல் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்தது இதுதான். இலங்கைக்கு அருகே இருந்த கிடங்கிலிருந்து முதல் விமானத்தில் போகத் தயாராக இருந்த தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் ஒன்றே ஒன்று. அடுத்தது வர இன்னும் சில நாளாகும். கேட்டது இரண்டு இடம். ராத்தா இருந்த கடலோர முகாம்கள் ஒன்று, பாதை அறுந்த மலைத்தோட்டங்கள் ஒன்று. கடலோரத்தின் கோரிக்கை முதலில் வந்தது, ஒழுங்காகவும் வந்தது. மலையிலிருந்து வந்தது அரைகுறைச் செய்தி. அங்கே எத்தனை பேர், என்ன நிலைமை என்று யாருக்கும் தெரியவில்லை.

வழக்கமாக அந்த அழைப்பை நடத்துகிறவள் நான். தொடங்குவதற்கு முன்னால் வஞ்சிகுவின் அறைக்குப் போய், இரண்டு இடத்தில் ஒன்றில் என் அக்கா இருக்கிறாள் என்றேன். அவர் எழுந்து அழைப்புக்கான தாள்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இன்றைக்கு நான் நடத்துகிறேன், நீ தீர்மானத்தில் தலையிடாதே, ஆனால் உனக்குத் தெரிந்ததை வேறு எந்த ஊரைப் பற்றியும் சொல்வதுபோல இதையும் சொல்லு என்றார். சரி என்று தலையாட்டினேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அழைப்பில் கடலோரத்துக்கே அனுப்பலாம் என்று பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி அசையாமல் கிடந்தது. அதில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரம் தெரிந்தது, பிள்ளை மடியில் கிடந்தது. அப்போது யாரோ ஒருவர் கேட்டார்: கடலோர முகாமுக்குச் சாலை திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் பக்கத்து நகரத்திலிருந்து தண்ணீரை லாரியிலேயே கொண்டுபோகலாமே.

அரசிடமிருந்து அந்தத் தகவல் இன்னும் வரவில்லை. அந்த அழைப்பில் இருந்த அத்தனை பேரிலும் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று சோற்று லாரி வந்து நிற்கிறது என்றால் சாலை திறந்திருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எந்திரம் ஃபர்ஹாவுக்குப் போய்ச் சேரும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, தீர்மானத்தில் தலையிடாதே என்றுதான் எனக்கும் உத்தரவு.

திறந்திருக்கிறது என்றேன். இன்று காலை லாரிகள் வந்ததாக அங்கே இருப்பவர் சொன்னார் என்றேன். எந்திரம் மலைக்குப் போனது.

4

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் பக்கத்து நகரத்திலிருந்து ராத்தாவின் முகாமுக்கு ஒரு தண்ணீர் லாரியை அனுப்பப் பார்த்ததுதான். அங்கே அதைப் பவுசர் என்பார்கள். நகராட்சியிடம் பவுசர் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் நகராட்சி எல்லையைத் தாண்ட மாவட்ட அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். மாவட்ட அலுவலகம், முகாம் பொறுப்பாளர் கேட்டால்தான் தர முடியும் என்றது. முகாம் பொறுப்பாளர் யார் என்றால் தலைமையாசிரியர். அவரோ தன்னிடம் சாவி மட்டும்தான் இருக்கிறது, பொறுப்பு இல்லை என்றார். ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதற்கு நடுவில் காக்கா கூப்பிட்டார். பெரியபட்டினத்திலும் புதுமடத்திலும் ஜனங்கள் தண்ணீர் கேன் சேர்த்துக் கரையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜமாத்தும் மீனவர் சங்கமும் சேர்ந்து பேசியாகிவிட்டது. படகுகள் தயார்.

"காத்து விட்டுருச்சும்மா. நம்ம பயலுக கண்ணை மூடிக்கிட்டு அங்கன போயிருவானுக. போனா புடிச்சு உள்ள போடுவாங்கேன்னு போலீசு சொல்லுது. தண்ணி கொண்டுட்டுப் போறவனையுமா புடிப்பாங்கே? நீ பெரிய ஆபீசுல இருக்க, ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் சொல்லக்கூடிய வார்த்தை எதுவும் இல்லை. கடல் எல்லை, சுங்கம், இரண்டு நாட்டு ஒப்புதல், எந்தத் துறைமுகத்தில் இறக்குவது, யார் கையெழுத்துப் போடுவது என்று எல்லாவற்றையும் விளக்கினேன். காக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிம்மா, நீ வேலையைப் பாரு என்று வைத்துவிட்டார். அந்தக் கேன்கள் பிறகு தூத்துக்குடிக்குப் போய், அரசுக் கப்பலில் ஏறி, முறைப்படி போய்ச் சேர்ந்தன. சேர்ந்தபோது கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது எந்தக் கூட்டத்திலும் நான் திரும்பத் திரும்பப் பேசுவது இதைத்தான். புயல் வந்தபிறகு அனுமதி கேட்கக் கூடாது. எந்தக் கரையிலிருந்து எந்தப் படகு எந்தச் சாமானோடு வரலாம், யாரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்பதைக் கடல் தூங்குகிற மாதங்களில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. வருஷக் கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துவீட்டுக்காரன் சோறு கொண்டுவரச் சுவர் ஏறிக் குதித்தால் திருடன் என்று பிடிக்கலாம்தான், ஆனால் வாசல் ஒன்று வைத்துவிட்டால் அவன் ஏன் குதிக்கப் போகிறான் என்று ஒருமுறை ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் பாவம், திணறிப்போனார்.

பவுசர் இரண்டு நாள் கழித்துப் போனது. அதற்குள் ஃபர்ஹாவைத் துணியில் தூக்கிக்கொண்டு மச்சான் ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னும் வடியாத தண்ணீருக்குள் நடந்து போயிருக்கிறார். பிள்ளைக்கு உதடு காய்ந்து, கண் செருகி, ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லையாம். அந்த இரண்டு நாளும் நான் அலுவலகத்தில் எதைத் தொட்டாலும் அந்தச் சின்னக் கையைத்தான் தொட்டேன். எங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கவே பயமாக இருந்தது. ரயான் பல் தேய்க்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றான் என்று அவனை அடிக்கப் போய்விட்டேன்.

ஃபர்ஹா பிழைத்துக்கொண்டாள், அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் ராத்தா கூப்பிட்டாள்.

"நீ அந்த ஆபீசுலதானேடி இருந்த. ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

சொன்னேன் ராத்தா, நான் சொன்னதால்தான் எந்திரம் மலைக்குப் போனது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோற்று லாரியைப் பற்றி அவள் சொன்னதை வைத்துத்தான் அங்கே தீர்மானம் ஆனது என்பதையும் சொன்னேன். அவள் இணைப்பை அறுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் ஃபர்ஹா எடுப்பாள், தன் உம்மா வேலையாக இருக்கிறார் என்பாள்.

5

கோடை விடுமுறையில் காக்கா மகள் கல்யாணம். நாங்கள் ஊருக்குப் போனோம். ராத்தாவும் வந்தாள். கொழும்பு, மதுரை, கார் என்று அத்தனையும் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், ரயானுக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். என்னைப் பார்த்து, இளைச்சுட்டே என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியபட்டினத்தில் வெயில் காலத்துப் பகலுக்கு ஒரு மயக்கம் உண்டு. தென்கடலிலிருந்து உப்புக்காற்று வந்து பனங்காட்டில் மோதும். தெரு ஆள் நடமாட்டம் இல்லாமல் வெளுத்துக் கிடக்கும். விழித்திருக்கிறோமா கனவில் இருக்கிறோமா என்று தெரியாமல் நேரம் போகும். இத்தனை வருஷம் அந்த ஏரிக்கரையில் நான் நடந்ததும் பேசியதும் கூட்டம் போட்டதும் இந்தப் பாயில் படுத்துக் கண்ட கனவுதானோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ரயானுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டான். வீட்டில்தானே இருக்கிறோம் என்று உம்மா அவனிடம் சொன்னார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொல்லையில் தொதல் கிண்டினார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்து, பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். நடுவில் கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். முறை போட்டுக் கிண்டுவார்கள். எனக்கும் ராத்தாவுக்கும் சேர்த்து ஒரு முறை வந்தது. யார் அப்படிப் போட்டது என்று தெரியவில்லை. கதீஜா மாமியாக இருந்தாலும் இருக்கும். ஒரே துடுப்பை இரண்டு பேரும் பிடித்திருந்தோம். ராத்தாவால் எழுந்து போக முடியாது, என்னாலும் முடியாது.

சட்டி கொதித்துக் கெட்டியாக ஆரம்பித்தது. கருப்பட்டிப் புகையில் இருவருக்கும் கண் எரிந்தது. ஃபர்ஹா கொல்லைப் பக்கமாக ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ராத்தா அவளைப் பார்த்தாள்.

"அந்த மலையில இருந்த பிள்ளைக பொழைச்சுச்சா?" என்று கேட்டாள்.

நான் துடுப்பை நிறுத்திவிட்டேன். எந்திரம் போய்ச் சேர்ந்தது தெரியும். அது எத்தனை லிட்டர் தண்ணீர் கொடுத்தது என்று அறிக்கை வந்தது தெரியும். அதற்குள் வேறொரு நாட்டில் நிலம் நடுங்கி, நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம். பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவே இல்லை. தெரியாது ராத்தா என்றேன்.

"தெரிஞ்சுக்க. அது தெரியாம எனக்கு ஓம்மேல கோவப்படவும் முடியல, கோவத்தை விடவும் முடியல. கிண்டு, அடிப்புடிக்குது."

6

ஏரிக்கரைக்குத் திரும்பியதும் அதைத்தான் முதலில் செய்தேன். அது என் வேலையில் சேராத வேலை. ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் இடம் மாறிப் போயிருந்தார். வஞ்சிகு எதற்கு என்று கேட்டார். என் அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்றேன். வேறு கேள்வி கேட்காமல் தன் பழைய ஆட்கள் இரண்டு பேருக்கு அவரே பேசினார். கடைசியில் அந்தத் தோட்டத்து லயங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுகாதார உதவியாளர் ஒரு பெண் கிடைத்தாள். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை அங்கே லயம் என்பார்கள். அவள் தமிழ்ப் பெண். யாரோ வெளிநாட்டிலிருந்து இப்படிக் கேட்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் வந்தபோது படம் எடுத்துப் போனார்கள், பிறகு யாரும் கேட்டதில்லை என்றாள். விவரத்தைக் குரல் பதிவாக அனுப்பினாள்.

"மெஷின் வர்றதுக்கு முந்தியே ரெண்டு பிள்ளைக போயிருச்சுங்க மிஸ். அந்தா இந்தான்னு இன்னும் நிறையப் பிள்ளைக கெடந்துச்சுக. நாங்க ஆத்துத் தண்ணியத்தான் காய்ச்சிக் குடுத்தோம், வெறகும் நனைஞ்சு போச்சு. மெஷின் வந்ததுக்குப் பொறவு ஒரு பிள்ளையும் போகல."

அதை நான் அலுவலகத்திலேயே பலமுறை கேட்டேன். பிறகு அப்படியே ராத்தாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவள் கேட்டுவிட்டாள் என்று திரை காட்டியது. அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

இந்த வாரம் ரயானோடு சண்டை போட்டுவிட்டு டிராமில் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போது கைபேசி அடித்தது. ராத்தா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாகக் கூப்பிடுகிறாள். எனக்குச் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே மறுபடி மழை தொடங்கியிருக்கிறதாம். கூரைக்குத் தகரம் மாற்றியிருக்கிறார்களாம். ஃபர்ஹா பரீட்சையில் மூன்றாவதாக வந்திருக்கிறாளாம். பின்னால் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"போன அந்த ரெண்டு பிள்ளைக்கும் அல்லாகிட்ட துஆ கேட்டேன்டி," என்றாள். "நீ சொன்னது சரிதான். இன்னொரு தடவை வந்தாலும் அப்படியே சொல்லு. ஆனா அவங்ககிட்ட சொல்லிட்டு எனக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லு. ராத்தா, தண்ணி ஒனக்கு இப்ப வராது, இன்ன காரணம், நீ வேற வழி பாருன்னு சொல்லு. அந்த ரெண்டு நாளும் நான் வாசல்லயே உக்காந்திருந்தேன் நூரு. இப்ப வரும், இப்ப வரும்னு. ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா மொத நாளே பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்திருப்பேன்."